பால் வற்றிய புத்தகங்கள்

இந்த அறையின் மின்விசிறி சத்தமே இல்லாமல் சுற்றுவதைக் கவனித்திருப்பீர்கள். அதை வாங்கியது நான். ஆடுகிற இந்த மேசை எனக்கு முன்னால் இருந்தவர் வாங்கியது. ஒரு காலுக்கு அடியில் நாலாக மடித்த தாளை வைத்தால் நின்றுவிடும், வைத்துவிட்டேன். வாக்குமூலம் எழுத நீங்கள் கொடுத்த வெள்ளைத் தாள்களில் ஒன்று அப்படிச் செலவாகிவிட்டது. கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள்.

"ஒரு பக்கம் போதும் சார்," என்றீர்கள், கதவைச் சாத்திவிட்டு. "கவனக்குறைவால நேர்ந்த பிழை, இனிமே நேராதுன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க. எச்சரிக்கைக் கடிதத்தோட போயிடும். பென்ஷனுக்கு ஒரு பங்கமும் இல்ல."

விசாரணை அதிகாரி ஒருவர் இவ்வளவு இரக்கம் காட்டி நான் பார்த்ததில்லை. நன்றி. ஆனால் அந்த வரியில் என்னால் கையெழுத்துப் போட முடியாது. தெரிந்தே செய்ததாக எழுதினால் வேலையும் போகும், பென்ஷனும் போகும் என்று இரண்டு முறை சொல்லிவிட்டீர்கள். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

உங்கள் குறிப்பாணையில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது: 'மேற்படி கொள்முதல் அலுவலர், மாட்டுப் பண்ணைக்கான மென்பொருளை நூலக மென்பொருள் என்று தவறாகக் கருதி, மாவட்டத்தின் எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் வாங்கியுள்ளார்.' இதில் 'தவறாகக் கருதி' என்ற இரண்டு சொற்கள் என்னைப் புண்படுத்துகின்றன. இத்தனை வருடமாக இந்த மாவட்டத்துக்குப் பெஞ்சு முதல் பெருக்குமாறு வரை வாங்கிப் போட்டவன் நான். மாடு எது, புத்தகம் எது என்று எனக்குத் தெரியாதா? கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது மாடு.

பின்னணிக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி இதே மாவட்டத்தில் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் நூலகர். இதற்கும் கொள்முதலுக்கும் சம்பந்தமில்லை.

அவளுக்கு இரவுச் சாப்பாட்டின்போது படிக்கிற பழக்கம். இடது கை புத்தகத்தில், வலது கை தட்டில். பக்கம் மூடிக்கொள்ளாமல் இருக்க உப்பு ஜாடியை மேலே தூக்கி வைத்துக்கொள்வாள். நான் எதிரே உட்கார்ந்து அன்றைக்கு அலுவலகத்தில் நடந்ததைச் சொல்வேன். அவள் 'ம்' கொட்டுவாள். வெகுகாலம் அந்த 'ம்' எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். பிறகு கவனித்தேன், அது ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் வந்தது. ஒரு நாள் சோதித்துப் பார்த்தேன்.

"இன்னைக்கு ஆபீஸ்ல தீப்பிடிச்சிருச்சு."

"ம்."

"நானும் அதுல செத்துட்டேன்."

"ம்... உப்பு வேணுமா?"

உப்பு வேண்டும் என்றேன். ஜாடியை எடுத்தால் பக்கம் மூடிக்கொள்ளும் அல்லவா. அவள் எடுத்துத் தந்துவிட்டு, அந்த இடத்தில் தண்ணீர் டம்ளரை வைத்துக்கொண்டாள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. மனிதர்களுக்கு ஆயிரம் பழக்கம்.

இந்தச் சமயத்தில்தான் பள்ளி நூலகங்கள் எல்லாவற்றையும் கணினிமயமாக்க வேண்டும், ஆண்டு முடிவதற்குள் நிதியைச் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்று மேலிடத்திலிருந்து ஆணை வந்தது. திரும்பிப் போகும் நிதியைப் பார்த்தால் ஓர் அலுவலகத்துக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கல்யாண வீட்டில் சாப்பாடு மிஞ்சினால் தெருவில் போகிறவனைக்கூடக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார்களே, அந்த நிலைமை.

மூன்று விலைப்புள்ளி வாங்க வேண்டும் என்பது விதி. நம் அலுவலகத்தில் அந்த மூன்றையும் ஒருவரே கொண்டுவருவார். அலுவலகம் முழுக்க அவரை 'பிஸ்கட்' என்றுதான் சொல்வோம். எப்போது வந்தாலும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டோடு வருவார். தன் விலையையும், தன்னைவிட அதிகமாகக் கேட்கும் இரண்டு போட்டியாளர்களின் விலையையும் அவரே தட்டச்சு செய்து வருவார். மூன்றிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்து விட்டுப்போயிருக்கும். இதை ஊழல் என்று நீங்கள் எழுதக் கூடாது. மூன்று பேரை வரவழைத்து மூன்று பேருக்கும் தேநீர் வாங்குவதைவிட இது சிக்கனம்.

ஆனால் அந்த முறை நாலாவதாக ஓர் உறையும் வந்தது. நிஜமான நூலக மென்பொருள் செய்கிற ஒரு பெண். வயது இருபத்தைந்து இருக்கலாம். மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. கடைசியாக, அவளே பெருமைப்படுகிற ஒன்றைக் காட்டினாள்.

"ஒரு புத்தகத்தை முடிச்ச உடனே, இது பிடிச்சிருந்தா இதையும் படிங்கன்னு அடுத்ததைக் காட்டும் சார். படிக்கிறவங்க கையில புத்தகம் இல்லாத நேரமே இருக்காது."

"நேரமே இருக்காதா?"

"ஒரு நிமிஷம்கூட இருக்காது சார்," என்றாள் சந்தோஷமாக.

நான் அவளுடைய உறையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். உறை ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. அவள் ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தாள். நிராகரிக்க வேண்டியதாயிற்று. விதியை நான் எழுதவில்லை.

பிஸ்கட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் என்னை ஏமாற்றினார் என்று நாளிதழ்களில் வந்ததெல்லாம் பொய். மூடிப்போன ஒரு பால் பண்ணைக்காகச் செய்த மென்பொருள், விற்காமல் தங்கிவிட்டது என்று அவரே சொன்னார். வியாபாரி ஒருவர் உண்மை பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

"மாடுன்னு இருக்கிற எடத்துல எல்லாம் புத்தகம்னு நெனச்சுக்கங்க சார். அவ்வளவுதான். ரெண்டுக்கும் நம்பர் உண்டு, ரெண்டும் வரிசையா நிக்கும், வெளிய போனா திரும்பி வரணும். விலையும் அடிமாட்டு விலை."

"இது என்ன, இந்த மூலையில சிவப்பா?"

"அது கழிப்பு சார். பால் வற்றிப்போன மாட்டை வச்சுத் தீனி போட முடியுமா? தொடர்ந்து சில நாள் பால் பூஜ்யம்னு பதிவானா, மாட்டைத் திருப்பிக் கொண்டாங்கன்னு அதுவே ஆளுக்குச் சொல்லிடும். அப்புறம் ஒரு லாரி அளவு சேர்ந்தா லாரிக்கும் அதுவே சொல்லிடும்."

"புத்தகத்துக்கு ஏது பால்?"

பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார். பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். அது உடைந்து உள்ளே விழுந்தது.

"அத நான் யோசிக்கல சார்," என்றார். "வேணாம்னா விட்டுடுங்க."

வேண்டும் என்றேன்.

எதை வாங்குவது என்று முடிவு செய்த பிறகுதான் எப்படிப்பட்டது வேண்டும் என்பதற்கான விவரக்குறிப்பை எழுதுவது நம் மாவட்டத்தின் வழக்கம். வேறு மாவட்டங்களில் முதலில் எழுதுகிறார்களாம். எழுதியது கிடைக்காமல் திண்டாடுகிறார்களாம். நான் பால் பண்ணை விளம்பரத் தாளை அருகில் வைத்துக்கொண்டு எழுதினேன். 'நூலக மென்பொருளானது ஆண் பெண் வேறுபாட்டைப் பதிவு செய்ய வேண்டும். சினைப் பருவத்தை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். தீவனச் செலவைக் கணக்கிட வேண்டும். சேற்றிலும் இயங்க வேண்டும்.' ஏழு பேர் கொண்ட கொள்முதல் குழு இதை வாசித்தது. நான் எதையும் மறைக்கவில்லை என்பதற்கு ஏழு கையெழுத்துகளும் சாட்சி.

ஒரே ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் மாவட்டக் கல்வி அலுவலர். எதைச் சொன்னாலும் 'சரி சரி' என்பதால் அவருக்குச் 'சரிசரி' என்றே பெயர். அவர் கேள்வி கேட்டதே எல்லோருக்கும் அதிர்ச்சி.

"சேத்துல ஓடுமா?"

"ஓடும் ஐயா."

"சரி சரி. நம்ம லைப்ரரில பாதி கூரை ஒழுகுது."

அந்தக் குழுவில் பள்ளிக்கூடங்களின் நிலைமை தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

மென்பொருளோடு மஞ்சள் நிறக் காது வில்லைகளும், அவற்றை மாட்டுகிற இடுக்கியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. ஒவ்வொரு புத்தகத்தின் அட்டையிலும் மேல் மூலையில் துளை போட்டு வில்லையைக் கோர்த்தார்கள். நூலகர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். புகார்களை மென்பொருளில்தான் பதிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினேன். அதில் மடிவீக்கம், கால் புண், தீனி எடுக்கவில்லை என்று மூன்று வகைப் புகார்தான் உண்டு. பெரும்பாலானவர்கள் 'தீனி எடுக்கவில்லை' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

பிள்ளைகள் புத்தகம் எடுத்தால் வீட்டுக்குக் குறுஞ்செய்தி போகும்: 'தங்கள் பொறுப்பில் மேய்ச்சலுக்கு விடப்பட்ட மாட்டை வெள்ளிக்கிழமைக்குள் கொட்டிலில் சேர்க்கவும்.' ஒரு தச்சர் வேலையைப் போட்டுவிட்டு உளியும் கையுமாக என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"எம்பொண்ணு மாடு வாங்கியிருக்காளாமே. வாங்கட்டும், வேணாங்கல. எங்கய்யா கட்டி வச்சிருக்கீங்க?"

"அது புத்தகம்ங்க. உங்க பொண்ணோட பையிலதான் இருக்கும்."

"பையிலயா?" என்று கொஞ்சம் யோசித்தார். "அப்ப கன்னுக்குட்டியா?"

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

காலையும் மாலையும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் பால் அளவைப் பதிந்தால்தான் மென்பொருள் அடுத்த பக்கத்துக்குப் போகும். நூலகர்கள் முதல் ஓரிரு நாள் நேர்மையாகப் பூஜ்யம் போட்டார்கள். மந்தை முழுவதும் நோய்வாய்ப்பட்டிருப்பதாகத் திரை சிவந்து, கால்நடை மருத்துவருக்குத் தகவல் போய்விட்டது. அவர் ஊசி மருந்தோடு வந்து, அலமாரிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு துப்பறியும் கதையை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வாய்க்கு வந்த எண்ணைப் போடத் தொடங்கினார்கள். தடித்த புத்தகம் அதிகம் கறக்கும், ஒல்லியானது கொஞ்சம் கறக்கும் என்று தாமாகவே ஒரு முறையை வகுத்துக்கொண்டார்கள். ஒரு கலைக்களஞ்சியம் வேளைக்கு நாற்பது லிட்டர் கொடுத்தது. இருமொழி அகராதியைக் கலப்பினம் என்று பதிந்திருந்தார்கள். ஆண்டறிக்கையில் 'மாவட்டத்தின் வாசிப்பு கடந்த ஆண்டைவிடப் பல ஆயிரம் லிட்டர் உயர்ந்துள்ளது' என்று சரிசரி எழுதினார். அவருக்கு ஒரு கேடயம் கிடைத்தது. அதை வாங்கியதும் நான்தான்.

இதுவரை எழுதியதைக் கவனக்குறைவு என்று நீங்கள் சொல்லிவிடலாம். இனி எழுதப்போவதை அப்படிச் சொல்ல முடியாது.

மென்பொருளில் 'பண்ணை உரிமையாளர்' என்று ஒரு கடவுச்சொல் உண்டு. அது என்னிடம் இருந்தது. அதைக் கொண்டு எந்தப் பள்ளியின் எந்தப் புத்தகத்தின் பாலையும் என் நாற்காலியில் இருந்தபடியே மாற்றலாம்.

அப்போது என் மனைவி ஒரு கடல் பயணக் கதையைப் படித்துக்கொண்டிருந்தாள். தடித்த புத்தகம். உப்பு ஜாடி போதாமல் ஊறுகாய் ஜாடியும் சேர்ந்து நின்றது. அட்டையிலிருந்த வில்லையின் எண், எதிரே உட்கார்ந்திருந்த எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நினைக்கவில்லை, ஆகிவிட்டது. அலுவலகத்தில் அந்தப் புத்தகத்தின் பாலை நாள்தோறும் பூஜ்யமாக்கி வந்தேன். ஒரு மாலை அவளுடைய கைபேசிக்குச் செய்தி வந்தது: 'தங்கள் மேய்ச்சலில் உள்ள மாடு பால் வற்றியதாக அறியப்படுகிறது. காலையில் கொட்டிலில் ஒப்படைக்கவும்.'

"இன்னும் ஒரே ஒரு அத்தியாயம்தாங்க இருக்கு," என்றாள்.

"வேணும்னா நீயே வச்சுக்கயேன். யாரு கேக்கப் போறா?"

"அதெப்படி? பிள்ளைங்க கேட்டா மட்டும் திருப்பிக் குடுன்னு சொல்றேன்ல." செய்தி வந்த புத்தகத்தை அதற்குமேல் புரட்டுவதும் தப்பு என்று மூடி வைத்துவிட்டாள். அவள் நேர்மையானவள். அந்த நேர்மையை நம்பித்தான் நான் இறங்கினேன் என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

மறுநாள் சாப்பிட உட்கார்ந்தபோது அவளுடைய இடது கைக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. மேசையின் விளிம்பைத் தடவியது. உப்பு ஜாடியைத் தொட்டுப் பார்த்தது. கடைசியில் அவள் தலையை நிமிர்த்தினாள்.

"அப்புறம், இன்னைக்கு ஆபீஸ்ல என்ன?"

நான் பெஞ்சு வாங்கிய கதையைச் சொன்னேன். முழுதாகக் கேட்டாள். நடுவில் ஒரு சந்தேகமும் கேட்டாள்: "மூணு பேர்ல யாரு கம்மி?" எங்களுக்குக் கல்யாணமாகி இவ்வளவு காலத்தில் இத்தனை அழகான கேள்வியை அவள் என்னிடம் கேட்டதில்லை. பிறகு, "அந்தக் கப்பல் என்ன ஆகியிருக்கும்னு நெனைக்கிறீங்க?" என்றாள்.

"கரை சேர்ந்திருக்காது. கம்பெனிக்காரன் மறு டெண்டர் விட்டிருப்பான்."

அவள் சிரித்தாள். வாயில் சோறு இருந்ததால் புரையேறியது. நான் தலையில் தட்டினேன். இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், அன்றைக்கு வீட்டில் ஒரு குற்றம் நடந்த சாயலே இல்லை என்பதற்காக.

மூன்றாம் நாள் அவள் வேறொரு புத்தகத்தோடு வந்தாள். அதற்கும் பால் வற்றியது. அடுத்ததற்கும். எப்போதும் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால். தொடக்கத்திலேயே பிடுங்கினால் உடனே வேறொன்றை எடுத்துவிடுவாள். முடித்த பிறகு பிடுங்கினால் அது பிடுங்கியதாகவே ஆகாது. முடிவு தெரியாமல் போனால்தான் மனிதர்களுக்கு இரண்டு நாள் பேச்சு வருகிறது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, அனுபவத்தில் கண்டுகொண்டேன். அந்த மாதங்களில் நான் அவளுக்கு ஒரு கொலைகாரனையும், இரண்டு இளவரசிகளையும், பேசுகிற கரடி ஒன்றையும் முடித்துவைத்தேன். கரடிக்குப் பணி ஓய்வு கொடுத்து அனுப்பினேன். அவளுக்கு அது பிடித்திருந்தது.

இடையில் சிறு சிக்கல்கள் வந்தன. கையில் புத்தகம் இல்லாத நாளில், நான் இரண்டாவது விலைப்புள்ளியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிஸ்கட் பொட்டலத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்கத் தொடங்கினாள். ஜாடிகளின் லேபிள்களை ஊறவைத்து உரித்துவிட்டேன். எறும்பு வருகிறது என்று காரணம் சொன்னேன். தலைவலி மாத்திரைக்குள் மடித்து வைத்திருப்பார்களே ஒரு துண்டுக் காகிதம், அதை இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு வைத்துப் படித்தாள். பக்கவிளைவுகள் பகுதிக்கு வந்தபோது அவள் முகம் மலர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். என் அலுவலகத்தில் அரிப்பு, வாந்தி அளவுக்காவது சுவாரசியம் இல்லை என்பது அநியாயம். மாத்திரை வாங்குவதை நிறுத்திவிட்டு நானே நெற்றியைப் பிடித்துவிட்டேன்.

அப்போதும் என் கை ஒரு பள்ளியைத் தாண்டிப் போகவில்லை. என்னை அதற்குத் தள்ளியது அவள்தான். ஒரு மாலை புதுப் புத்தகத்தோடு உட்கார்ந்தவள், நேராகக் கடைசிப் பக்கங்களைத் திறந்தாள்.

"என்னம்மா, அங்கேருந்து ஆரம்பிக்கிற?"

"எப்ப பால் வத்தும்னு யாருக்குத் தெரியும்? இனிமே எனக்குக் கடைசிதான் முதல்ல." சொல்லிவிட்டு உப்பு ஜாடியைத் தூக்கி வைத்தாள்.

அன்றைக்கு நான் சொல்ல வைத்திருந்தது கரும்பலகை வாங்கிய கதை. நல்ல கதை. நடுவில் ஒரு திருப்பம்கூட உண்டு. நான் அதைச் சொல்லவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு புத்தகமாகப் பார்ப்பதில் பொருளில்லை. அவளுடைய நூலகத்தின் எல்லாப் புத்தகங்களின் பாலையும் நிறுத்தினேன். ஒரு பள்ளியில் மட்டும் நிறுத்தினால் பாரபட்சமாகிவிடும். தணிக்கையில் கேள்வி வரும். ஆகவே மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளிலும் நிறுத்தினேன். என் பணிக்காலம் முழுவதும் யாருக்கும் சலுகை காட்டியதில்லை.

லாரிகள் புறப்பட்டன. கழிப்பு நடக்கும்போது உரிமையாளர் உடனிருந்து கையெழுத்திட வேண்டும் என்பதால், அவளுடைய பள்ளிக்குப் போன லாரியில் முன்பக்கத்தில் நான் இருந்தேன். தலையைக் குனிந்து இருக்கைக்கும் கீழே நழுவி உட்கார்ந்திருந்தேன். பேச்சு கேட்டது, பக்கக் கண்ணாடியில் பாதி தெரிந்தது.

"அடிமாடு ஏத்தணும்னு வந்திருக்கோம்மா," என்றார் ஓட்டுநர். "எங்கம்மா மாடு?"

"மாடா? எனக்குத் தெரிஞ்சு ஒண்ணே ஒண்ணுதான். அது கல்வி ஆபீஸ்ல கொள்முதல் சீட்டுல உக்காந்திருக்கு. அண்ணே, போயி அத ஏத்திக்கிட்டுப் போங்க."

ஓட்டுநர் சிரிக்காமல் ஆணையைக் காட்டினார். முத்திரை இருந்தது. முத்திரையைப் பார்த்தால் அவள் அதற்குமேல் பேசமாட்டாள். அலமாரிக் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது.

"அந்தக் காது வில்லைய மட்டும் கழட்டிட்டு ஏத்தலாமாண்ணே?"

"எதுக்கும்மா?"

"சும்மாதான்."

ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மதியம் வரை ஆயிற்று. ஏற்றி முடித்துவிட்டு ஏறி உட்கார்ந்த ஓட்டுநர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத்தன வருஷத்துல நான் ஏத்துனதுலயே முரண்டு பண்ணாத மாடுங்க இதுங்கதான் சார்," என்றார். வாசலில் நின்ற ஒரு சிறுமி லாரிக்குக் கையை ஆட்டினாள். நான் பதிலுக்கு ஆட்டவில்லை. குனிந்திருந்தேன்.

இறைச்சிக்கூடத்தில் எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். பக்கத்திலிருந்த காகித ஆலையில் மறுக்கவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பெற்றோர்கள் வந்தார்கள், நாளிதழ்கள் வந்தன, நீங்கள் வந்தீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்று, நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டது. என் மனைவி தானாகவே சரிசரியைப் பார்க்க வந்தாள். எனக்காகப் பரிந்து பேசினாள்.

"அவர் தெரிஞ்சு செய்ற ஆள் இல்ல சார். யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க. மாட்டுக்கும் புத்தகத்துக்கும் வித்தியாசம் தெரியாது, அவ்வளவுதான். வீட்லயும் அப்படித்தான், ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பார். வெகுளி."

"சரி சரி," என்றார் அவர்.

'தவறாகக் கருதி' என்ற சொற்கள் அங்கேயிருந்துதான் உங்கள் குறிப்பாணைக்கு வந்தன. என்னைக் காப்பாற்றுவதற்காக என் மனைவி சொன்ன பொய் என்றால் பொறுத்துக்கொள்வேன். அவள் பொய் சொல்ல மாட்டாள்.

அன்றைக்கு மாலையே பெட்டியைக் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். கோபம் எதுவும் இல்லை. "இந்த வீட்ல படிக்க ஒண்ணுமில்லங்க," என்றாள். "தங்கச்சி வீட்ல ஒரு அலமாரி நெறைய இருக்கு. சாப்பாட்ட மூடி வச்சிருக்கேன்." போகும்போது உப்பு ஜாடியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, வைத்துவிட்டுப் போனாள்.

ஆகவே என் வாக்குமூலம் இதுதான். மாவட்டத்தின் எல்லாப் பள்ளி நூலகங்களையும் மாட்டு மென்பொருளால் கட்டி, பாலை நிறுத்தி, லாரியில் ஏற்றி, கூழாக்கியது நான். பிஸ்கட் குற்றவாளி அல்ல. குழுவினர் ஏழு பேரும் வாசித்தார்கள், அதற்குமேல் அவர்கள் மீது குற்றமில்லை. எனக்குப் புத்தி தெளிவாக இருந்தது. என்னைப் போல ஒரு மனிதன் இத்தனையையும் எதற்காகச் செய்தான் என்றால்

இது கடைசிப் பக்கம். சென்ற பக்கம் அந்த இடத்தில் முடியும்படி வரிகளை எண்ணி எழுதியிருக்கிறேன். மேசைக்கு அடியில் போன தாள் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கலாம்.

ஒரு வேண்டுகோள். இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றை என் மனைவிக்கு, அவள் தங்கை வீட்டு முகவரிக்கு, உங்கள் முத்திரையோடு அனுப்புங்கள். முத்திரை இருந்தால் கட்டாயம் பிரிப்பாள். இந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம். காரணம் கேட்டால், விதி என்று சொல்லிவிடுங்கள்.

எனக்கு இனி அலுவலகம் இல்லை. முடிவைக் கேட்டு அவள் எந்நேரம் வந்தாலும் வீட்டில்தான் இருப்பேன். கரும்பலகை கதையும் அப்படியே பாக்கியிருக்கிறது. சாப்பிட்டபடி இடது கையால் இந்தத் தாள்களைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல் முதலில் கடைசிப் பக்கத்தைத் தேடுவாள். அது இருக்காது. அப்போது அவள் எப்படியும் தலையை நிமிர்த்தித்தானே ஆக வேண்டும்.